திருநெல்வேலி வீட்டுக் கோப்பு சென்னையில் ஏன் திறக்கவில்லை?

அப்பாவின் பழைய கணினியில் இரண்டு டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பொருத்தி, திருநெல்வேலி வீட்டில் கோப்பு சர்வராக வைத்துவிட்டு வந்தேன். நிலப் பத்திரங்களின் ஸ்கேன் பிரதிகள், இருபது ஆண்டுப் புகைப்படங்கள், அப்பாவின் ஓய்வூதியக் காகிதங்கள் எல்லாம் அதில் இருந்தன. ஊரில் இருந்த நான்கு நாளும் கைப்பேசியில் தொட்டவுடன் திறந்தது. சென்னைக்கு வந்து அதே முகவரியைத் தட்டினேன். திரையில் சக்கரம் சுற்றத் தொடங்கியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிப் போயின. நான் தொலைபேசியில், "ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடும்மா" என்பேன். "போட்டாயிற்று, பச்சை விளக்கு எரிகிறது, அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, இன்னும் என்ன?" என்று அம்மா கேட்பார். ரவுட்டரில் பதினைந்து அமைப்புகளை மாற்றினேன். எதை எதற்காக மாற்றினேன் என்று மூன்றாவதிலேயே மறந்துவிட்டது. கடைசியில் தெரிந்தது, அந்தப் பதினைந்தில் எதுவுமே பழுதுக்குச் சம்பந்தப்பட்டதல்ல. என் வீட்டு ரவுட்டருக்கு வெளியுலகம் வந்து தட்டக்கூடிய முகவரியே கிடையாது.

இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கும், இறங்கிச் சிக்கிக்கொண்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கணினித் துறை ஆளாக இருக்க வேண்டியதில்லை. கோப்பு கிளம்பும் இடத்துக்கும் வந்து சேரும் இடத்துக்கும் நடுவே எத்தனை வாசல்கள் இருக்கின்றன என்று தெரிந்தால் போதும்.

ஒரே வாசல், ஆறு குடும்பம்

பழைய ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவைப் பார்த்து ஒரே வாசல், ஒரே கதவு எண். உள்ளே முற்றத்தைச் சுற்றி ஆறு குடும்பங்கள். முற்றத்தில் நின்று "மூன்றாம் வீட்டு அக்கா" என்று கூப்பிட்டால் சரியான ஆள் எட்டிப் பார்ப்பார். அதே "மூன்றாம் வீடு" என்பதை மட்டும் உறையில் எழுதித் தபால்பெட்டியில் போட்டால் கடிதம் எங்கே போகும்?

192.168.1.20 என்று நம் வீட்டுக் கணினிக்கு இருக்கும் எண், இந்த மூன்றாம் வீட்டைப் போன்றது. 192.168 என்று தொடங்கும் எண்கள், 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை ஆகிய மூன்று தொகுதிகளை உள்வீட்டு உபயோகத்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். 1996-இல் வந்த ஆவணம் இதை வரையறுத்தது. உலகில் கோடிக்கணக்கான வீடுகளில் இதே 192.168.1.20 இருக்கும். அதனால் பொது இணையத்தில் இந்த எண்ணுக்கு எந்தப் பாதையும் கிடையாது. ஊரில் வேலை செய்த முகவரி சென்னையில் செத்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான்.

தெருவாசலில் உட்கார்ந்திருப்பவர் ரவுட்டர். உள்ளே இருந்து ஒருவர் வெளியே கடிதம் அனுப்பினால் தெருக் கதவு எண்ணை அனுப்புநர் முகவரியாகப் போட்டு அனுப்புவார். "இது மூன்றாம் வீட்டிலிருந்து போனது" என்று தன் நோட்டில் குறித்துக்கொள்வார். பதில் வரும்போது நோட்டைப் பார்த்து உள்ளே கொடுப்பார். இந்த முகவரி மாற்றத்துக்கு நாட் என்று பெயர். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் வெளியிலிருந்து வந்து நின்றால் நோட்டில் அவரைப் பற்றிக் குறிப்பு இருக்காது. யாருக்கு வந்தவர் என்று தெரியாததால் ரவுட்டர் வாய் திறக்காமல் விட்டுவிடும். இதைப் பழுது என்று நினைத்துவிடக் கூடாது. நம் வீட்டுக் கணினிகள் இத்தனை நாள் பிழைத்திருப்பதில் இந்த மௌனத்துக்கும் பங்கு உண்டு.

"இந்தப் போர்ட் எண்ணைச் சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் மூன்றாம் வீட்டுக்கு அனுப்பு" என்று ரவுட்டருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது போர்ட் ஃபார்வர்டிங். ஒரே கணினியில் பல சேவைகள் ஓடுமல்லவா, எந்தச் சேவையைத் தேடி வந்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் எண்தான் போர்ட். விண்டோஸ் பகிர்வுக் கோப்புறைகள் பயன்படுத்தும் எஸ்எம்பிக்கு 445, கோப்புப் பரிமாற்றத்துக்கான பழைய முறையான எஃப்டிபிக்கு 21, அதே வேலையைப் பாதுகாப்பாகச் செய்யும் எஸ்எஃப்டிபிக்கு 22, பாதுகாக்கப்பட்ட வலைப்பக்கங்களுக்கு 443.

முதலில் வீட்டுக்குள்

வெளியே வேலை செய்யவில்லை என்றதும் வெளியே இருப்பதைக் குற்றம் சொல்லத் தோன்றும். பொறுங்கள். சர்வர் இருக்கும் அதே வீட்டில், அதே வைஃபையில், வேறொரு கைப்பேசியிலிருந்து திறக்கிறதா? இதற்கு "இல்லை" என்று பதில் வந்தால் இணையத்துக்கும் இந்தப் பழுதுக்கும் தொடர்பே இல்லை. ரவுட்டரைத் தொட வேண்டாம்.

வீட்டுக்குள்ளேயே திறக்காததற்கு நான் அதிகம் பார்த்த காரணங்கள் சாதாரணமானவை. கணினி தூங்கிப் போயிருக்கும். மின்தடைக்குப் பிறகு யாரும் பொத்தானை அழுத்தியிருக்க மாட்டார்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் மின்சாரம் போய் மதியம் வந்தால், ரவுட்டர் தானாக எழுந்துவிடும், கணினி எழாது. கணினி இயங்கத் தொடங்கும்போதே வேலை செய்யும் பயாஸ் அமைப்பில், மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கு என்ற தேர்வு பெரும்பாலான மேசைக் கணினிகளில் உண்டு. அதை முடுக்கிவிட்டு, தூக்க நிலையையும் நிறுத்திவைத்தால் அம்மாவுக்குப் போகும் பாதி அழைப்புகள் குறையும்.

விருந்தினர்க்கென்று தனியாக வைத்திருக்கும் வைஃபையில் நீங்கள் இணைந்திருக்கலாம். அதன் வேலையே விருந்தினரை வீட்டுச் சாதனங்களிடமிருந்து பிரித்து வைப்பதுதான். விண்டோஸ் அந்த நெட்வொர்க்கைப் 'பொது' என்று குறித்து வைத்திருந்தால் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் அதன் ஃபயர்வால் பகிர்வுக் கோப்புறையை மறைத்துவிடும். 'தனிப்பட்டது' என்று மாற்ற வேண்டும். பழைய ரவுட்டரின் யுஎஸ்பி துளையில் டிஸ்க்கைச் செருகிப் பகிர்கிறவர்களுக்கு இன்னொரு சங்கடம் வரலாம். அந்த ரவுட்டர்களில் பல, எஸ்எம்பியின் முதல் பதிப்பை மட்டுமே பேசும். விண்டோஸ் 10-இன் 2017 இலையுதிர்காலப் பதிப்பு முதல் அந்தப் பதிப்பு இயல்பாக நிறுவப்படுவதில்லை. அதை மீண்டும் முடுக்கிவிடும் வழி இணையம் முழுக்கக் கிடைக்கும். செய்யாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இன்னொன்று, ஒரு முழு மாலையைத் தின்றுவிடக்கூடியது. வீட்டு எண்கள் நிரந்தரமல்ல. ரவுட்டர்தான் டிஎச்சிபி என்ற முறையில் அவற்றைச் சாதனங்களுக்கு வாடகைக்கு விடுகிறது. நேற்று 20 ஆக இருந்த சர்வர், மின்தடைக்குப் பிறகு 23 ஆக எழுந்திருக்கலாம். போர்ட் ஃபார்வர்டிங் விதியோ இன்னமும் 20-க்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த எண்ணில் இப்போது தொலைக்காட்சி இருக்கலாம். ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில், சர்வரின் மேக் முகவரிக்கு, அதாவது அதன் வலையமைப்பு அட்டையின் அடையாள எண்ணுக்கு, ஓர் எண்ணை ஒதுக்கிப் பூட்டிவிடுங்கள். இதைச் செய்யாமல் மற்ற எதையும் தொடங்க வேண்டாம்.

மௌனம் வேறு, மறுப்பு வேறு

வீட்டுக்குள் திறக்கிறது, வெளியே திறக்கவில்லை என்று உறுதியான பிறகு வெளியே வாருங்கள். உண்மையாகவே வெளியே வர வேண்டும். வீட்டு வைஃபையில் உட்கார்ந்துகொண்டு வீட்டின் வெளி முகவரியைத் தட்டிப் பார்த்து "வேலை செய்யவில்லை" என்று முடிவு செய்பவர்கள் ஏராளம். உள்ளிருந்து கிளம்பித் தன் வெளி முகவரிக்கே திரும்பி வரும் பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, கையாளப் பல ரவுட்டர்களுக்குத் தெரியாது. எனவே எல்லாம் சரியாக இருந்தாலும் உள்ளிருந்து பார்த்தால் தோல்விதான் தெரியும். கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

தோல்வி வரும்போது திரையில் என்ன சொல்கிறது என்று படியுங்கள். ஆரம்பநிலையில் இருப்பவர்கள் அதைப் படிக்காமல் மூடிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அந்த ஒரு வரியில் பாதிக் கதை இருக்கிறது.

பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், நீங்கள் இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை. பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் கட்டத்திலேயே நின்றுவிட்டீர்கள். எழுத்துப்பிழை இருக்கலாம், அல்லது மாறும் எண்ணுக்கு நிலையான பெயர் தரும் டைனமிக் டிஎன்எஸ் கணக்கு காலாவதியாகியிருக்கலாம்.

இணைப்பு மறுக்கப்பட்டது, அதாவது 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் அது நல்ல செய்தி. அந்த முகவரியில் உயிருள்ள ஒரு கருவி இருக்கிறது, உங்கள் தட்டலைக் கேட்டது, கதவைத் திறக்க மாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னது. சர்வரில் அந்தச் சேவை ஓடவில்லை, அல்லது போர்ட் எண் தவறு, அல்லது ரவுட்டரே முன்வந்து பதில் சொல்கிறது. தேட வேண்டிய இடம் சிறியது.

நேரம் கடந்துவிட்டது, 'டைம்டு அவுட்' என்றால் மௌனம். தட்டினீர்கள், யாரும் பேசவில்லை. வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்கியிருக்கலாம், முகவரி தவறாக இருக்கலாம், கணினி அணைந்திருக்கலாம். எனக்கு இரண்டு ஞாயிறும் வந்தது இந்த மௌனம்தான்.

கடவுச்சொல் தவறு, அனுமதி இல்லை என்றெல்லாம் வந்தால் ரவுட்டர், இணைய நிறுவனம், ஃபயர்வால் எல்லோரையும் மன்னித்துவிடலாம். பாதை முழுவதும் திறந்திருக்கிறது, சர்வரின் கணக்கு அமைப்பில் மட்டும்தான் குறை.

ஒரு கருவி பதில் சொல்கிறதா என்று கேட்கும் பிங் என்ற கட்டளையை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். பிங் போனால் மகிழ்ச்சி. போகாவிட்டால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது, ஏனென்றால் பிங்குக்குப் பதில் சொல்லக் கூடாது என்று கட்டளையிடப்பட்ட கருவிகள் நிறைய. குறிப்பிட்ட போர்ட்டைத் தட்டிப் பார்ப்பதுதான் பயனுள்ள சோதனை. விண்டோஸில் பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் என்ற கட்டளைக்கு முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுத்தால் திறந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும்.

தெருவுக்கே ஒரே கதவு எண்

இப்போது என் கதைக்கு வருகிறேன். நம் ஊர் வீட்டு இணைப்புகளில் இந்தப் பழுது மிகப் பரவலானது. ஆனால் போர்ட் ஃபார்வர்டிங் கற்றுத்தரும் காணொளிகளில் பல இதைத் தொடுவதே இல்லை.

ஐபி முகவரியின் நான்காம் பதிப்பில் மொத்தம் இருப்பவை சுமார் 429 கோடி எண்கள். உலகத்தின் கைப்பேசிகளுக்கே இது காணாது. மையக் கிடங்கிலிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று மண்டல அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதன் பின் வந்த வாடிக்கையாளர்களுக்கு இணைய நிறுவனங்கள் எங்கே போகும்? வீட்டுக்குள் செய்த அதே தந்திரத்தை ஊருக்கே செய்தார்கள். ஒண்டுக்குடித்தனத்துக்கு ஒரு கதவு எண் என்பது போய், ஒரு தெருவுக்கே ஒரு கதவு எண் என்றானது. தெருமுனையில் நிறுவனத்தின் காவலர் ஒருவர் தனி நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். இதற்குப் பெயர் சிஜிநாட். இந்த இடைப்பட்ட உபயோகத்துக்காகவே 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை உள்ள எண்களை 2012-இல் ஒதுக்கினார்கள்.

இதன் விளைவு எளியது, கொடுமையானது. நம் வாசல்காரரிடம் எவ்வளவு தெளிவாகச் சொல்லி வைத்தாலும் பயன் இல்லை. விருந்தாளி தெருமுனையிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார். தெருமுனைக் காவலரின் நோட்டில் எழுதும் உரிமை நமக்கு இல்லை.

நீங்கள் இதில் சிக்கியிருக்கிறீர்களா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில், அதன் வெளிப்புற முகவரி வான் ஐபி என்ற பெயரில் இருக்கும். தமிழில் எழுதினால் ஆகாயம் போலத் தோன்றும் இந்த 'வான்', பரந்த வலையமைப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, வீட்டு வைஃபையிலிருந்தே, என் ஐபி என்ன என்று காட்டும் ஏதாவதொரு தளத்தைத் திறந்து அங்கே தெரியும் எண்ணைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குச் சொந்தக் கதவு எண் உண்டு, போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்ய வாய்ப்பிருக்கிறது. இரண்டும் வேறாக இருந்தால் நடுவில் இன்னொருவர் இருக்கிறார்.

அம்மாவிடம் ரவுட்டர் பக்கத்தைத் திறக்கச் சொல்லி எண்ணைப் படிக்கச் சொன்னேன். "நூறு, புள்ளி, எழுபத்தொன்று" என்று தொடங்கினார். மீதி இரண்டு எண்களைக் கேட்கவே தேவைப்படவில்லை.

வெளிப்புற எண் 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் ஆறுதலான செய்தி. நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் நீங்கள் கடையில் வாங்கிய ரவுட்டரையும் மாட்டியிருப்பீர்கள். இரண்டுமே ரவுட்டர் வேலை பார்க்கின்றன, வீட்டுக்குள்ளேயே இரண்டு வாசல். ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றினால் ஒரு வாசல் மறைந்துவிடும். அல்லது இரண்டிலும் விதி எழுத வேண்டும். 10 என்று தொடங்கினால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். ஃபைபர் பெட்டியின் பக்கத்தையும் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

டைனமிக் டிஎன்எஸ் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் சிஜிநாட் இருப்பவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டாம். மாறிக்கொண்டே இருக்கும் சொந்த எண்ணுக்கு ஒரு நிரந்தரப் பெயர் தருவதுதான் அதன் வேலை. சொந்த எண்ணே இல்லாதவருக்கு அது தெருவின் எண்ணைப் பதிவு செய்து தரும்.

வாடிக்கையாளர் சேவையை அழைப்பதாக இருந்தால் "நெட் வேலை செய்யவில்லை" என்று தொடங்காதீர்கள். ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். "என் இணைப்பு சிஜிநாட்டில் இருக்கிறது, எனக்குப் பொது ஐபி வேண்டும், நிலையான ஐபி என்றால் மாதக் கட்டணம் எவ்வளவு?" என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுக்கின்றன. சில, வணிக இணைப்புக்கு மட்டும்தான் என்கின்றன. எனக்கு வந்த பதில் இரண்டாவது வகை.

ஆறாம் பதிப்பு ஐபி என்றொரு பக்கவாட்டுக் கதவும் இருக்கிறது. 128 பிட் நீளமுள்ள அந்த முகவரியில் பஞ்சமே கிடையாது, ஒவ்வொரு கணினிக்கும் உலகம் தழுவிய தனி எண் கிடைக்கும், நாட் தேவையில்லை. நம் நாட்டு மொபைல் டேட்டாவில் இது பரவலாக உண்டு. ஆனால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் அலுவலகத்திலும் இருக்க வேண்டும், வீட்டு ரவுட்டரின் ஃபயர்வாலில் அனுமதி எழுத வேண்டும், நிறுவனம் முகவரியின் தொடக்கப் பகுதியான முன்னொட்டை மாற்றினால் முழு முகவரியும் மாறிவிடும். கைப்பேசியில் மட்டும் திறந்து அலுவலக மடிக்கணினியில் திறக்காத மர்மத்துக்குச் சில சமயம் இதுவே காரணம்.

பொது ஐபி கிடைத்தாலும்

கிடைத்த மகிழ்ச்சியில் 445-ஆம் போர்ட்டை உலகத்துக்குத் திறந்துவிடாதீர்கள். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது), எஸ்எம்பியின் முதல் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான் சுமார் 150 நாடுகளில் கணினிகளுக்குள் புகுந்தது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் வரை முடங்கின. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அந்தப் பதிப்பை உயிர்ப்பிக்காதீர்கள் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான். பல இணைய நிறுவனங்கள் 445-ஐத் தாங்களே தடுத்தும் வைத்திருக்கின்றன. விதி சரி, முகவரி சரி, ஆனாலும் மௌனம் என்றால் இதையும் சந்தேகப்படலாம்.

நாஸ் என்று கடையில் கிடைக்கும் தயார்நிலைக் கோப்பு சர்வர் பெட்டிகளை வாங்கியவர்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைக்கப்பட்ட கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளை 2021 ஏப்ரலில் கியூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயத் தீநிரல்கள் குறிவைத்துப் பூட்டின. போனவற்றில் குடும்பப் புகைப்படங்கள் ஏராளம்.

எஃப்டிபி என்ற பழைய முறையை இன்னும் சிலர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் பழுதுக்கு ஓர் அடையாளம் உண்டு. உள்நுழைவு வெற்றி, ஆனால் கோப்புப் பட்டியல் வராமல் அப்படியே நிற்கும். எஃப்டிபி இரண்டு இணைப்புகளைப் பயன்படுத்துகிறது. பேச்சு நடப்பது 21-இல், கோப்பு போவதும் பட்டியல் வருவதும் வேறொரு போர்ட்டில். பாஸிவ் முறையில், "பட்டியலை வாங்க இந்த முகவரியில் இந்தப் போர்ட்டுக்கு வா" என்று சர்வர் சொல்லும். அப்பாவித்தனமாகத் தன் உள்வீட்டு எண்ணான 192.168.1.20-ஐயே சொல்லும். சென்னையிலிருக்கும் கணினி அதைத் தன் வீட்டுக்குள் தேடி ஏமாறும். சர்வரின் அமைப்பில் வெளி முகவரியையும் பாஸிவ் போர்ட் வரம்பையும் குறிப்பிட்டு, அந்த வரம்பை ரவுட்டரிலும் திறந்தால் சரியாகும். சரியானாலும் சாதாரண எஃப்டிபியில் கடவுச்சொல் மறையாக்கம் இல்லாமல், வழியில் யாரும் படிக்கும்படி போகிறது. அதற்குப் பதில் எஸ்எஃப்டிபி வையுங்கள். ஒரே போர்ட், ஒரே இணைப்பு, எல்லாம் மறையாக்கத்துக்குள்.

என் யோசனை, கோப்பு சர்வரை வெளியே காட்டவே வேண்டாம் என்பதுதான். விபிஎன் என்ற மறையாக்கப்பட்ட சுரங்கப்பாதை வழியாக முதலில் வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழையுங்கள், பிறகு வீட்டில் இருப்பது போலவே 192.168 எண்ணைத் தட்டுங்கள். பொது ஐபி உள்ளவர்களுக்கு வயர்கார்டு என்ற விபிஎன் போதும். 2020-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலிலேயே சேர்க்கப்பட்டது, பல ரவுட்டர்களிலும் வருகிறது. வழக்கமாக யுடிபி வகையில் 51820 என்ற ஒரே போர்ட். சரியான சாவி இல்லாமல் யார் தட்டினாலும் அது பதிலே சொல்லாது.

சிஜிநாட்டில் மாட்டியவர்களுக்கு டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் இருக்கின்றன. வயர்கார்டை அடித்தளமாகக் கொண்டது அது. வீட்டுக் கணினியும் சென்னைக் கணினியும் இரண்டுமே உள்ளிருந்து வெளியே பேசத் தொடங்கும். வெளியே போகிறவர்களுக்குத்தான் எந்தக் காவலரும் தடை சொல்வதில்லையே. நடுவிலுள்ள ஒருங்கிணைப்பாளர் இருவருக்கும் மற்றவர் இருக்குமிடத்தைச் சொல்ல, இருவரும் நேராகக் கைகோத்துக்கொள்வார்கள். முடியாவிட்டால் இடைநிலை சர்வர் வழியாகத் தரவு போகும், மெதுவாக. போர்ட் திறக்க வேண்டியதில்லை. நான் அதைத்தான் நிறுவினேன், இருபது நிமிடத்தில் அப்பாவின் ஓய்வூதியக் காகிதம் சென்னையில் திறந்தது. ஒரு சின்ன எச்சரிக்கை. டெயில்ஸ்கேல் தன் கருவிகளுக்குக் கொடுக்கும் எண்களும் அதே 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதியிலிருந்துதான் வருகின்றன. சர்வரில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு சிஜிநாட் என்று பதற வேண்டாம். ரவுட்டரின் பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

விபிஎன் இணைந்துவிட்டது, ஆனால் வீட்டு எண் மட்டும் திறக்கவில்லை என்று ஒரு நிலை வரும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தின் நெட்வொர்க்கும் 192.168.1 ஆக இருக்கும். 192.168.1.20 என்றதும் உங்கள் கணினி, அது பக்கத்து அறையில்தான் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு விபிஎன் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. வீட்டு நெட்வொர்க்கை 192.168.47 என்பது போல யாரும் வைக்காத எண்ணுக்கு மாற்றுவதே நிரந்தரத் தீர்வு. ஊரில் இருக்கும்போதே மாற்றுங்கள். சென்னையிலிருந்து மாற்ற முயன்றால் கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிமரத்தை வெட்டிய கதைதான்.

திறக்கிறது, ஆனால் நகரவில்லை

உள்நுழைகிறது, சிறிய கோப்புகள் வருகின்றன, பெரியவை பாதியில் நிற்கின்றன என்றால் எம்டியூவைச் சந்தேகியுங்கள். ஒரே மூச்சில் போகக்கூடிய பாக்கெட்டின் அளவு வழக்கமாக 1500 பைட். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் பிபிபிஓஇ முறையில் இணையும் வீட்டு இணைப்புகளில் 8 பைட் தலைப்புக்குப் போய் 1492 ஆகிவிடும், விபிஎன் உறையும் சேர்ந்தால் இன்னும் சுருங்கும். பெரிய பாக்கெட் வழியில் சத்தமில்லாமல் விழுந்துவிடுகிறது. விபிஎன் அமைப்பில் எம்டியூவை 1280-க்குக் குறைத்துப் பாருங்கள். குணமானால் காரணம் அதுதான், பிறகு மெல்ல ஏற்றிக்கொள்ளலாம்.

புகைப்படக் கோப்புறை திறக்க யுகமாகிறது என்றால் அது வேறு விஷயம். எஸ்எம்பி அதிகம் பேசும் முறை. ஒவ்வொரு கோப்புக்கும் பலமுறை போய்வந்து விசாரிக்கும். வீட்டுக்குள் ஒரு போய்வரவு ஒன்றிரண்டு மில்லிவினாடிதான். ஊர்களுக்கு நடுவே 40 ஆகிறது என்று வையுங்கள். 2000 படங்கள், படத்துக்கு மூன்று போய்வரவு என்றால் பேச்சுக்கே நான்கு நிமிடம், ஒரு படம்கூட இன்னும் வரவில்லை. இணைய வேகத்தைக் கூட்டினாலும் இது குறையாது. படங்களை ஆண்டுவாரியாகச் சிறு கோப்புறைகளாகப் பிரிப்பது உதவும்.

மீதமிருப்பது கணக்கு. நீங்கள் சென்னையில் தரவிறக்குவது, வீட்டு இணைப்புக்குத் தரவேற்றம். அந்தத் திட்டத்தின் தரவேற்ற வேகம்தான் உங்கள் உச்சவரம்பு, விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண் அல்ல. அதுவும் மெகாபிட்டில் சொல்லப்படும், மெகாபைட்டாக்க எட்டால் வகுக்க வேண்டும். 40 மெகாபிட் என்றால் வினாடிக்கு 5 மெகாபைட். ஒரு ஜிபி கோப்புக்கு 200 வினாடி, பரவாயில்லை.

தங்கையின் திருமணக் காணொளியைத் தொகுப்பதற்கு மூலக் கோப்புகள் வேண்டும் என்று கேட்டார்கள். 400 ஜிபி. இதே வேகத்தில் ஒரு தடங்கலும் இல்லாமல் போனால் 80,000 வினாடி, அதாவது 22 மணி நேரம். சித்தப்பா அன்றிரவு நெல்லை எக்ஸ்பிரஸில் கிளம்புவதாக இருந்தார். அம்மா டிஸ்க்கை ஒரு துண்டில் சுற்றி, அல்வாப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தனுப்பினார். காலையில் வந்து சேர்ந்துவிட்டது.